சென்னையில் நம்பர் ஒன் ஆவது எப்படி?

புதிதாகப் பண்பலை நிலையம் தொடங்குவோருக்கு ஒன்பது பாடங்கள்

வானொலி நிலையம் தொடங்கப் பல செலவுகள் உண்டு. அலைவரிசைக்கு ஏலத்தொகை, அரசுக்கு ஆண்டு வருவாயில் ஒரு பங்கு, கோபுர வாடகை, பாட்டு உரிமை, விடிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்து ஊரே தன்னைக் கேட்பதுபோல் சிரிக்க வேண்டிய ஆர்.ஜே.யின் சம்பளம். ஆனால் 'சென்னையின் நம்பர் ஒன்' என்ற பட்டத்துக்கு மட்டும் ஒரு காசும் செலவழிக்காதீர்கள். இந்த ஊரில் அது இலவசம். வரிசையில் நிற்கக்கூட வேண்டாம். வரிசை என்று ஒன்று இருந்தால்தானே நிற்பதற்கு?

ஒன்றை முதலிலேயே மனத்தில் நிறுத்துங்கள். நேயர் நமக்குப் பணம் கொடுப்பதில்லை. கொடுப்பவர் விளம்பரதாரர், பத்து விநாடிக்கு இவ்வளவு என்று கணக்கு. அவர் வாங்குவது காதுகளை. ஆகவே எத்தனை காது என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தயாரிப்பதுதான் நிலையத்தின் தொழில். பாட்டுப் போடுவதெல்லாம் நடுநடுவே செய்துகொள்ளலாம்.

1. ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

நல்ல வேளையாக நீங்கள் சென்னையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மும்பையில் தொடங்கியிருந்தால் தொலைந்தீர்கள். 2007இல் டாம் என்ற ஊடக ஆய்வு நிறுவனம் 'ராம்' என்ற வாராந்திர நேயர் கணக்கெடுப்பைத் தொடங்கியது. மும்பை, டெல்லி, பெங்களூரு, பிறகு கொல்கத்தா என்று நான்கு ஊர்கள். ஊருக்கு 480 பேரைப் பிடித்து, ஆளுக்கொரு டைரி கொடுத்து, எந்த நாள், எந்த நேரம், எந்த நிலையம் கேட்டீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். வாராவாரம் ஒரு பட்டியல் வந்தது. பட்டியல் என்றால் ஒருவர் மேலே, மற்றவர்கள் கீழே. எவ்வளவு அநாகரிகம் பாருங்கள்!

ராமேசுவரம் வரை நடந்து வந்த ராமனை நாம் அறிவோம். இந்த ராம் பெங்களூரோடு நின்றுவிட்டது.

இத்தனைக்கும் வானொலியில் அவற்றுக்கு இளைய ஊர் அல்ல சென்னை. 1924லேயே இங்கே மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கிவிட்டது. நாட்டிலேயே முதன்முதலாகப் பண்பலை ஒலித்ததும் இங்கேதான், 1977 ஜூலை 23 அன்று. அந்த கிளப் பணமில்லாமல் 1927இல் மூடிவிட்டது. காரணம் எளிது: அவர்கள் நல்ல கச்சேரி போட்டால் போதும் என்று நினைத்திருந்தார்கள், மார்க்கெட்டிங் பிரிவு வைக்கவில்லை. 2003இல் தனியார் நிலையங்கள் இங்கே ஒலிபரப்பத் தொடங்கியபோது அந்தத் தவறு திரும்ப நடக்கவில்லை.

2. நேயரைக் குறுக்குங்கள்

தப்பித் தவறி ஒரு முறையான கணக்கெடுப்பு உங்கள் கைக்கு வந்து, அதில் நீங்கள் ஐந்தாம் இடம் என்று இருந்தால் பதறாதீர்கள். முழு ஊருக்கும்தான் ஐந்தாம் இடம். ஊரை வெட்டத் தொடங்குங்கள்.

வெட்டுவதற்குக் கத்தியைத் தொழிலே தயாரித்து வைத்திருக்கிறது. இந்திய நுகர்வோரைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ1 மேல்படி, இ3 அடிப்படி. வீட்டில் முதன்மையாகச் சம்பாதிப்பவர் என்ன படித்தார், பதினொரு பொருள் கொண்ட பட்டியலில் வீட்டில் எத்தனை இருக்கிறது, இந்த இரண்டையும் வைத்து முடிவு செய்வார்கள். மின்விசிறி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கார் என்று போகும் அந்தப் பட்டியலில் விவசாய நிலமும் உண்டு. ஆதம்பாக்கத்து அடுக்குமாடிவாசிக்குத் திண்டிவனம் பக்கம் இரண்டு ஏக்கர் இருந்தால் அவர் ஒரு பொருள் முன்னேறிவிடுகிறார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 480 பேரில் ஆண்கள் மட்டும்: சுமார் 240. அதில் 25 முதல் 34 வயது வரை: 60 என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏ பிரிவு: 20. அதில் மாலை ஆறு மணிக்குமேல் காரில் போகும்போது கேட்டவர்கள்: 5. அந்த ஐவரில் மூவர் உங்கள் நிலையத்தைக் கேட்டிருக்கிறார்கள். முடிந்தது. 'மாலை நேரத்தில் காரில் செல்லும் உயர்வருவாய் இளைஞர்களிடையே 60 விழுக்காடு பங்குடன் நம்பர் ஒன்!' பதாகையில் 'நம்பர் ஒன்' என்பதைக் கத்திப்பாரா மேம்பாலத்திலிருந்தே தெரியும்படியும், மற்றதை மூக்குக் கண்ணாடிக்காரர்கள் மட்டும் படிக்கும்படியும் அச்சிடுங்கள்.

அந்த மூவருக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று வடபழனி ஆண்டவரை வேண்டிக்கொள்ளுங்கள். ஒருவர் விடுமுறையில் ஊருக்குப் போனாலே உங்கள் பங்கு 60இலிருந்து 50க்கு விழுந்துவிடும்.

3. எந்த அளவுகோல் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்

வானொலியை அளக்க முக்கியமாக மூன்று கோல்கள் உண்டு. முதலாவது ரீச்: எத்தனை பேர் கொஞ்ச நேரமாவது கேட்டார்கள். இரண்டாவது, கேட்டவர் ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் கேட்டார் என்பது. மூன்றாவது பங்கு: ஊர் முழுக்க வானொலி கேட்ட மொத்த நேரத்தில் உங்களுக்கு எத்தனை விழுக்காடு.

இவை மூன்றும் ஒரே நிலையத்தில் வந்து குவிய வேண்டும் என்று சட்டம் இல்லை. ஷேர் ஆட்டோ, டீக்கடை, சலூன் என்று ஓடும் நிலையத்துக்கு ரீச் பெரிதாக இருக்கும். இறங்கியதும், முடி வெட்டியதும் நேயர் போய்விடுவார். பழைய பாட்டு மட்டும் போடும் நிலையத்துக்கு ஆள் குறைவு. ஆனால் தையல் மெஷின் முன் உட்கார்ந்தவரும் இரவுக் காவலாளியும் பெட்டியை ஒரு முறை திருகினால் திருகியதுதான், மணிக்கணக்கில் ஓடும். ஆக, எந்தப் பொய்யும் சொல்லாமலே ஒரே ஊரில் மூன்று முதலிடம் உண்டு. அதை வயது, பால், வருவாய், நேரம், இடம் என்று இரண்டாம் பாடத்துக் கத்தியால் பெருக்கிப் பாருங்கள். 88இலிருந்து 108 வரை முள் நகரும் பட்டைக்குள் இருக்கிற எல்லோருக்கும் ஆளுக்குப் பத்து முதலிடம் கொடுத்தாலும் மீதம் இருக்கும்.

4. கணக்கெடுப்பை நீங்களே நடத்துங்கள்

வெளியார் அளக்க வராத ஊரில் நாமே அளப்பது சமூகக் கடமை. கேள்வியைக் கவனமாக எழுதுங்கள். 'நேற்று எந்த நிலையம் கேட்டீர்கள்?' என்று கேட்டால் மிகக் குறைவாக வரும். 'கடந்த வாரம்' என்றால் கொஞ்சம் கூடும். 'எப்போதாவது எங்கள் நிலையத்தைக் கேட்டதுண்டா?' என்றால் பக்கத்து ஆட்டோவில் ஓடியதைக் கேட்டவரும் தலையாட்டுவார்.

கேட்கும் இடமும் முக்கியம். பெசன்ட் நகர் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நடத்தும் பாட்டுப் போட்டிப் பந்தலின் வாசல் மிகப் பொருத்தமான இடம். கேட்பவர் உங்கள் நிலையத்தின் பெயர் பொறித்த மஞ்சள் டி-ஷர்ட் போட்டிருக்கட்டும். பதில் சொன்னவருக்குத் தொப்பி இலவசம். பதில் சொல்லும் முன்பே தொப்பியைக் கொடுத்துவிட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

ஆய்வின் அளவைக் குறிப்பிடும்போது எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். 'சென்னை முழுவதும் நடத்தப்பட்ட விரிவான ஆய்வில்' என்றால் போதும். பந்தலுக்கு அம்பத்தூரிலிருந்தும் ஆள் வந்திருப்பார்.

5. காதைப் பிடிக்காதீர்கள், ஞாபகத்தைப் பிடியுங்கள்

இது மிக நுட்பமான பாடம். டைரி முறையில் அளக்கப்படுவது கேட்டது அல்ல, கேட்டதாக ஞாபகம் இருப்பது. வாரம் முழுதும் அன்றன்று எழுத வேண்டிய டைரியை எத்தனை பேர் அன்றன்று எழுதுவார்கள்? டைரியை வாங்கிப்போக ஆள் வரும் அன்று, அடுப்பில் குக்கர் விசில் அடிக்கும்போது, ஏழு நாளையும் ஒரே மூச்சில் நிரப்புகிற ஒரு குடும்பத் தலைவியை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குச் செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு ஓடிய நிலையம் நினைவிருக்காது. எந்தப் பெயர் வாயில் வருகிறதோ அதை எழுதுவார்.

அந்தப் பெயர் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஆகவேதான் பாட்டுக்கு முன்னால் பெயர், பாட்டுக்குப் பின்னால் பெயர், பாட்டின் இடையிசையில் பெயர், மணி சொல்லும்போது பெயர், கோயம்பேட்டில் நெரிசல் என்று சொல்லும்போது நெரிசலுக்கும் பெயர். "என்னடா இது, பாட்டைக் கேக்க விடமாட்டேங்கிறானுங்க" என்று வீட்டில் யாராவது அலுத்துக்கொண்டால் மகிழுங்கள். அலுத்துக்கொள்ளும்போதும் அவர் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார். டைரியில் அலுப்புக்குத் தனிக் கட்டம் இல்லை.

6. கால்மணி நேரத்தின் சூட்சுமம் அறியுங்கள்

இந்த வித்தையை அமெரிக்கர்களிடம் கற்க வேண்டும். அங்கே பல காலமாக ஒரு விதி இருந்தது: ஒரு கால்மணி நேரத்துக்குள் ஐந்து நிமிடம் கேட்டால், அந்தக் கால்மணி நேரத்துக்கே கேட்டதாகக் கணக்கு. அப்படியானால் எட்டு மணி பத்து நிமிடத்திலிருந்து எட்டு இருபது வரை ஒருவரைப் பிடித்து வைத்தால், எல்லைக்கு இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. பத்து நிமிடம் கேட்டவர் அரைமணி நேர நேயர் ஆகிவிட்டார். ஆகவே எட்டேகால் எல்லையில் நல்ல பாட்டு. விளம்பரத்தையெல்லாம் கால்மணி நேரத்தின் நடுவில் கொட்டுவது. "அடுத்து ஒரு சூப்பர் பாட்டு, எங்கேயும் போயிடாதீங்க" என்ற கெஞ்சலுக்குப் பின்னால் இவ்வளவு கணிதம் இருக்கிறது.

பிறகு அங்கே பெரிய ஊர்களில் டைரிக்குப் பதிலாகக் கருவி கொண்டுவந்தார்கள். ஒலிபரப்புக்குள்ளேயே காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைப் புதைத்துவிடுவார்கள். நேயரின் இடுப்பில் தொங்கும் சிறு கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். 2007இல் ஃபிலடெல்ஃபியாவும் ஹூஸ்டனும் முதலில் மாறின. இனி ஞாபகத்துக்கு வேலை இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். பேச்சு மட்டும் ஓடும்போது குறியீடு சரியாகப் பதியவில்லை என்று நிலையங்களுக்குச் சந்தேகம் வந்தது. சில ஆண்டுகளில் சந்தைக்கு வோல்டேர் என்றொரு பெட்டி வந்தது. குறியீட்டை அழுத்தமாக்கித் தரும். விலை சுமார் 15,000 டாலர். நிலையங்கள் வாங்கின. நிகழ்ச்சியை மேம்படுத்துவதைவிடக் குறியீட்டை மேம்படுத்துவது மலிவு என்று கண்டுகொண்ட அந்தப் பொறியாளர்களை நாம் வணங்க வேண்டும்.

7. பிழைவரம்பைப் பாதி நாள் மட்டும் நம்புங்கள்

480 பேரிடம் எடுத்த கணக்கில் ஒரு நிலையத்துக்கு 20 விழுக்காடு என்றால், தற்செயலால் மட்டுமே அது மேலும் கீழும் மூன்றரைப் புள்ளிக்குச் சற்று அதிகமாக ஆடலாம். அதாவது 20 எடுத்தவரும் 18 எடுத்தவரும் யார் முன், யார் பின் என்று அந்தக் கணக்கால் சொல்ல முடியாது. 2011 கணக்கெடுப்பில் மும்பைப் பெருநகரத்தின் மக்கள்தொகை 1 கோடியே 84 லட்சம். 480ஆல் வகுத்தால் டைரி எழுதும் ஒவ்வொருவர் தலையிலும் ஏறத்தாழ 38,000 பேர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்து வானொலி கேட்காமல் படுத்தால் ஒரு சிற்றூரே படுத்துவிடுகிறது.

இந்த உண்மையைப் பயன்படுத்தும் முறை: நீங்கள் இரண்டு புள்ளி முன்னால் இருக்கும் வாரத்தில் கேக் வெட்டுங்கள், மக்கள் தீர்ப்பு என்று சொல்லுங்கள். இரண்டு புள்ளி பின்னால் இருக்கும் வாரத்தில் புள்ளியியல் பேராசிரியர் ஒருவரைக் கூப்பிட்டு மாதிரியின் போதாமை பற்றிக் கருத்தரங்கு நடத்துங்கள். இரண்டுக்கும் ஒரே அரங்கைப் பதிவு செய்துகொண்டால் வாடகை குறையும்.

8. தொலைபேசியையும் தி.நகரையும் நம்புங்கள்

எண் எதுவும் இல்லாத நாளில் பத்தாவது காலருக்குப் பரிசு அறிவியுங்கள். லைன் ஜாம் ஆகும். அழைப்பவர்கள் எல்லாப் போட்டிக்கும் அழைக்கும் அதே ஆட்கள்தான், ஆர்.ஜே.க்கு அவர்கள் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியும். பரவாயில்லை, ஜாம் ஆன லைனைக் காட்டி 'சென்னையே திரண்டது' என்று எழுதலாம். ஆர்.ஜே. யாரையாவது ஏமாற்றிப் பேசும் குறும்பு அழைப்பை யூடியூபில் போட்டு, வெளிநாட்டில் பார்த்தவரையும் சென்னை நேயராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து நேரே தி.நகர் போங்கள். மும்பை ஏஜென்சிக்காரர் அட்டவணை கேட்பார். உஸ்மான் ரோடு ஜவுளிக்கடை அண்ணாச்சி கேட்கமாட்டார். அவருக்கு ஆடித் தள்ளுபடிக்குக் கூட்டம் வர வேண்டும், அவ்வளவுதான். எங்கும் இப்படி ஓர் உரையாடல் நடக்கும், தயாராக இருங்கள்:

"நீங்க நம்பர் ஒன்னா தம்பி?"

"ஆமா அண்ணாச்சி."

"காலைல வந்த பையனும் அதத்தான சொல்லிட்டுப் போனான்?"

"அவங்க ரீச்ல அண்ணாச்சி. நாங்க கேக்கிற நேரத்துல."

"நேத்து ஒரு பொண்ணு வந்துச்சே?"

"அவங்க இல்லத்தரசிகள்ல நம்பர் ஒன்."

"அப்ப ரெண்டாவது ஆருய்யா?"

"சென்னையில ரெண்டாவதுன்னு யாரும் இல்ல அண்ணாச்சி."

அண்ணாச்சி சிரித்துவிட்டுப் பணம் கொடுப்பார். ஆனால் உங்கள் எண்ணை நம்பிக் கொடுக்கவில்லை. கல்லாவில் இருக்கும் தம்பியிடம், "வந்தவுக யாராவது ரேடியோல கேட்டோம்னு சொன்னாங்களா?" என்று சாயங்காலம் விசாரிப்பார். இதுதான் ஊரிலேயே மிகப் பழைய நேயர் ஆய்வு. டைரியும் இல்லை, கருவியும் இல்லை. இதைச் சமாளிக்கவும் வழி உண்டு. அண்ணாச்சியின் காரை ஓட்டுபவர் என்ன நிலையம் வைக்கிறார் என்று கண்டுபிடியுங்கள். அவருக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்தைக் காலை ஒன்பதரைக்கு, கார் கிளம்பும் நேரத்தில், முழுப் பெயரோடு ஒலிபரப்புங்கள்.

ஒரு நிலையத்தை மட்டும் எந்தப் பட்டியலிலும் சேர்க்காதீர்கள்: அகில இந்திய வானொலி. 'தனியார் நிலையங்களில்' என்ற சொல்லை முன்னால் போட்டால் அது தானாக வெளியேறிவிடும். தனியார் பண்பலையில் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கரண்டும் செல்போன் சிக்னலும் போன வீடுகளில், பேட்டரி போட்ட ரேடியோ இருந்தவர் அதைத் திருகியது போட்டியில் கலந்துகொள்ள அல்ல; ஏரியில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள. அப்படிப்பட்ட நேரத்தில் கேட்பவர் டைரி நிரப்பும் மனநிலையில் இருப்பதில்லை. ஆகவே அவரை நேயர் என்று கருத வேண்டியதில்லை.

9. அளவீடு வேண்டும் என்று உரக்கக் கேளுங்கள்

இவ்வளவும் படித்துவிட்டு நீங்கள் அளவீட்டுக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எல்லா மேடையிலும் நம்பகமான, சுதந்திரமான நேயர் கணக்கெடுப்பு உடனே வேண்டும் என்று பேசுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இல் இதுபற்றிப் பரிந்துரைகளே கொடுத்திருக்கிறது. அதை வரவேற்றுப் பேசுங்கள். பிறகு குழு அமைக்கச் சொல்லுங்கள். குழுவில் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: 'டைரியா, கருவியா?', 'செலவு யாருடையது?' இரண்டாவது கேள்விக்குப் பிறகு தேநீர் இடைவேளை விடுவார்கள். அது ஆண்டுக்கணக்கில் நீளும். அதுவரை வாசகர் கணக்கெடுப்பான ஐ.ஆர்.எஸ்.ஸில் வானொலி பற்றிய பக்கத்தைக் காட்டலாம். 2019 நான்காம் காலாண்டு என்ற தேதி மட்டும் படச்சட்டத்துக்கு வெளியே போய்விட வேண்டும்.

கணக்கெடுப்பு வந்தே தீரும் என்றாகிவிட்டால், எந்த எண்ணைக் கேட்பது என்பதில் உறுதியாக இருங்கள். பங்கு மட்டும் கேளுங்கள். மொத்தம் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைக் கேட்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். நூறு பேர் வானொலி கேட்ட காலத்தில் உங்களுக்கு இருபது பேர் இருந்தால் பங்கு 20 விழுக்காடு. இன்று காரில் புளூடூத், கையில் போன், போனில் எந்தப் பாட்டும். புதுப் போன்கள் பலவற்றில் எஃப்.எம். வசதியே எடுபட்டுப்போய், 2023இல் அரசே அதை விட்டு வையுங்கள் என்று போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை கூற வேண்டியிருந்தது. ஆக, கேட்பவர் நூறிலிருந்து நாற்பதாகக் குறைந்து, உங்களிடம் பத்துப் பேர் எஞ்சினால் பங்கு 25 விழுக்காடு. பாதி நேயரை இழந்து ஐந்து புள்ளி முன்னேறியிருக்கிறீர்கள். கேக் வெட்டலாம்.

இதே வேகத்தில் போனால் ஒரு நாள் ஊரில் ஒரே ஒரு நேயர் மிஞ்சுவார். அவர் யாரைக் கேட்கிறாரோ அந்த நிலையத்துக்கு நூறு விழுக்காடு. வரலாறு காணாத முதலிடம். போட்டி கடுமையாக இருக்கும். ஆகவே இப்போதே விசாரித்து அவருடைய விலாசம், பிடித்த பாட்டு, மனைவியின் பிறந்தநாள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டு ரேடியோவுக்கு பேட்டரி வாங்கிக் கொடுக்கும் செலவை ஆராய்ச்சிக் கணக்கில் எழுதலாம். அவருக்கு ஒருவேளை பாட்டுக்கு நடுவில் நிலையத்தின் பெயரைக் கேட்கப் பிடிக்காவிட்டால், சொல்வதை நிறுத்திவிடுங்கள். அதுவரை நிறுத்த வேண்டாம்.